இல்லமும் கைத்தொழிலும்: ஆடும் அடுக்குக் கட்டில்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலத்துப் பெருநகரங்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு வாய்த்திருப்பவை ஓரறை அல்லது ஈரறை வீடுகளே. அவ்வீடுகளில் இடம் காக்கும் துணையாக வந்து சேர்ந்தது அடுக்குக் கட்டில். மேலே ஒரு குழந்தை, கீழே ஒரு குழந்தை. ஊரிலிருந்து பாட்டி வந்துவிட்டால் கீழ்த்தட்டு அவருக்கு, மேல்தட்டில் குழந்தைகள் இருவரும். கட்டில் ‘கிரீச்’சிடத் தொடங்குவதும் அப்பொழுதுதான். “எங்கள் கட்டில் ஆடுகிறது, விற்றுவிடலாமா, செப்பனிடலாமா?” என்று சகோதரி ஒருவர் வினவியிருக்கிறார். பெரும்பாலும் செப்பனிடலாம் என்பதே நம் விடை. ஆயின் முறையறிந்து செய்தல் வேண்டும்.

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஓடும் இரயில் ஒன்றில் படுக்கைப் பலகை கீழே விழுந்து, அடியில் இருந்த பயணி ஒருவர் காயமுற்றுப் பின்னர் உயிர் நீத்த செய்தியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலகை பழுதன்று, சங்கிலி சரியாக மாட்டப்படாததே காரணம் என்று இரயில்வே அமைச்சகம் விளக்கம் தந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பலகை எத்துணை வலிதாயினும், அதைத் தாங்கும் மூட்டு பிடிக்கவில்லையெனில் பயனில்லை. மேலும், மேல்தட்டின் குறை கீழே உறங்குபவரையே முதலில் தாக்கும்.

ஆதலின் முதற்கண் மெத்தையை அகற்றி மூட்டுகளை ஆராய்க. ஒரு மூலையைக் கையால் தள்ளினால் எந்த மூட்டு அசைகிறது என்பது புலப்படும். துளை அகன்று திருகாணி தளர்ந்திருந்தால், அதே துளையில் பெரிய திருகாணியை முறுக்குவது சில நாட்களுக்கே உதவும். கால்மரத்தையும் பக்கச் சட்டத்தையும் ஊடுருவிச் செல்லும் 8 மில்லிமீட்டர் போல்ட்டை இட்டு, இருபுறமும் வாஷர் வைத்து நட்டை முடுக்குவதே உறுதியான வழி. போல்ட்டுக்கு இடமில்லாத துளையில் பசை தடவிய மர ஆப்பைச் செலுத்தி, ஓர் இரவு உலரவிட்டுப் புதிதாகத் திருகாணி இடலாம். ஒரு திங்கள் கழித்து யாவற்றையும் மீண்டும் முடுக்குக.

அடுத்தது, நடுவில் தொய்வு. இங்கே ஓர் எளிய கணக்கை நினைவிற்கொள்க. 4 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள மரச்சட்டத்தைப் படுக்கைவாட்டில் வைப்பதைவிடக் குத்துவாட்டில் நிறுத்தினால், அதன் விறைப்பு 16 மடங்காகும். தண்டவாளம் ஏன் தட்டையாக இராமல் உயர்ந்து நிற்கிறது என்பதற்கும் காரணம் இதுவே. எனவே குறுக்குப் பலகைகளின் அடியில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, நடுவே ஒரு சட்டத்தைக் குத்துவாட்டில் பொருத்துக. அதன் இரு முனைகளும் இரும்புத் தாங்கியில் நன்கு அமர வேண்டும். குறுக்குப் பலகைகளையும் நழுவாதவாறு திருகாணியால் இறுக்குக. பக்கச் சட்டமே நீளவாக்கில் பிளந்திருந்தால் ஒட்டுப்போட்டு நம்பற்க. புதுச் சட்டம் மாற்றுக. வடபுலத்தில் சால் மரம் இதற்கு ஏற்றது. இரும்புப் பட்டையை வேண்டுவோர் அங்குள்ள கடைகளில் ‘பட்டி’ என்று கேட்டால் கிடைக்கும்.

பக்கவாட்டு ஆட்டம் நீங்கக் கட்டிலைச் சுவரோடு பிணைப்பதுண்டு. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசையாவிடின், பின்புறத்தில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பட்டையை முடுக்குக. நாற்கோணம் சாயும்; முக்கோணம் சாயாது.

மேல்தட்டின் தடுப்பைப் பற்றி அமெரிக்க நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்துள்ள அளவுகள் நமக்கும் பொருந்துவனவே. தடுப்பு இருபுறமும் வேண்டும். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து 5 அங்குலமேனும் உயர்ந்திருக்க வேண்டும். இடைவெளி எதுவும் 3.5 அங்குலத்தை மிஞ்சலாகாது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் இடர் உண்டு என்பதே அதன் காரணம். பருத்த மெத்தையை வாங்கி இட்டால் தடுப்பு தானே தாழ்ந்துவிடும் என்பதையும் மறவற்க. 6 வயது நிரம்பாத குழந்தையை மேல்தட்டில் உறங்கவிடலாகாது.

நம் வீடுகளில் கருத வேண்டிய இடர் இன்னொன்றும் உளது. அதுவே கூரை மின்விசிறி. 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை சுழலும். மேல்தட்டில் எழுந்து அமரும் குழந்தை கை உயர்த்தினாலும் எட்டாத தொலைவில் கட்டில் இருத்தல் வேண்டும். அறை அதற்கு இடந்தராவிடின் கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி பொருத்துக. இதில் சிக்கனம் பார்ப்பது தகாது.

வேலை முடிந்த அன்றே குழந்தையை ஏற்றிவிட வேண்டா. 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை மேல்தட்டில் பரப்பி, கீழே எவரையும் படுக்கவிடாது ஓர் இரவு வைத்திருங்கள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, மாலையிலும் காலையிலும் நடுவிலுள்ள தொய்வை அளந்து பாருங்கள். தொய்வு வளராமலும் ஒலி எழாமலும் இருந்தால் கட்டில் தேறியது எனக் கொள்ளலாம். தேறாவிடின், மேல்தட்டைக் கழற்றித் தனிக்கட்டிலாக்கிக்கொண்டு, இடநெருக்கடியைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஒரு கைப்பிடி போல்ட்டும் ஒரு விடுமுறை நாளின் உழைப்பும் இப்பணிக்குப் போதும். அயலூரில் அண்டை உறவென்று ஓடிவரச் சுற்றத்தார் அருகில் இல்லாத நமக்கு, இடர் வருமுன் காத்துக்கொள்வதே சிறந்த துணை.