எட்டுச் சக்கர வண்டியும் நான்கு கொடிகளும்

ராணுவ வண்டி என்றதும், "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்த வாரம் பேசப் போவது துப்பாக்கிக் கதை அல்ல. கொதிக்கும் வெயிலிலும் உறைய வைக்கும் பனியிலும் இருபது வயதுப் பிள்ளைகளை ஓர் இரும்புப் பெட்டிக்குள் உட்கார வைத்து, உயிரோடு திரும்பி வரப் பழக்குவது எப்படி என்ற கதை. பிள்ளை சைக்கிள் பழகப் போனாலே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அமெரிக்காவில் மரீன் படை என்று ஒன்று உண்டு. கப்பலில் போய், கரையில் இறங்கிச் சண்டை போடும் படை. அந்தப் படைக்கு முன்னால் ஓடி, வேவு பார்த்துச் சேதி சொல்வதற்கென்று ஒரு வண்டி இருக்கிறது. அதன் பெயர் எல்.ஏ.வி.-25. லேசு ரகக் கவச வண்டி என்று அர்த்தம். லேசு என்றால் நம் வீட்டுக் கணக்கில் அல்ல. எடை 13 டன்னுக்குச் சற்றுக் குறைவு! 60 டன்னைத் தாண்டும் டாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினால்தான் அது லேசு.

1980-களின் ஆரம்பத்தில் இந்த வண்டி படையில் சேர்ந்தது. மூல வடிவம் சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிரான்யா'. தென் அமெரிக்க ஆறுகளில் உள்ள பொல்லாத மீனின் பெயர். மரீன்களுக்காக அதைக் கட்டித் தந்தது கனடாவில் உள்ள லண்டன் என்ற ஊர். எட்டுச் சக்கரங்கள், நல்ல சாலையில் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகம். பின்னால் இரண்டு விசிறிகள் உண்டு. தண்ணீரில் இறங்கினால் அவை சுழன்று மணிக்குப் பத்து கிலோ மீட்டர் வேகத்தில் வண்டியை நீந்த வைக்கும். ஓட்டுபவர் முன்னால், தலைவரும் பீரங்கிக்காரரும் நடுவில் உள்ள சுழல் கூண்டில், வேவுகாரர்கள் நாலைந்து பேர் பின்னால். ஓட்டுபவருக்குப் பக்கத்திலேயே இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்.

இந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய்ப் பழக்குகிறார்கள்?

* * *

காலிபோர்னியாவில் மொஹாவி என்ற பாலைவனம். அதன் ஓரத்தில் ஓர் ஊருக்கு 'இருபத்தொன்பது பனைகள்' என்று பெயர். பெயரில் உள்ள குளிர்ச்சி ஊரில் இல்லை. கோடையில் உஷ்ணம் 110 டிகிரியைத் தாண்டுவது அங்கே சகஜம். 1952 முதல் மரீன்கள் அங்கே முகாம் போட்டுப் பழகி வருகிறார்கள். முகாமின் பரப்பு இரண்டாயிரம் சதுர கிலோ மீட்டருக்கும் மேல்.

அந்த வெயிலில் நிற்கும் இரும்பு வண்டியைக் கற்பனை செய்து பாருங்கள். அடுப்பில் வைத்த தோசைக்கல்லில் கை வைப்பீர்களா? அதனால்தான் கையுறை இல்லாமல் யாரும் கதவைத் தொடுவதில்லை. அதற்குள்ளே கவச அங்கியும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு பல மணி நேரம் உட்கார வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடி என்பது அங்கே முதல் பாடம்.

இன்று வேலை செய்யலாமா, கூடாதா என்று தீர்மானிப்பது யார்? மேலதிகாரியின் மனநிலை அல்ல, ஒரு கொடி. இதற்குப் பின்னால் சுவையான விஷயம் ஒன்று இருக்கிறது.

1950-களில் தென் கரோலினாவில் உள்ள பாரிஸ் தீவில் புதிதாகச் சேர்ந்த மரீன் பிள்ளைகள் வெயிலில் பயிற்சி செய்யும்போது சுருண்டு விழுந்தார்கள். வெறும் வெப்பமானி காட்டும் கணக்கை வைத்து அபாயத்தைச் சொல்ல முடியவில்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

எனவே மூன்று வெப்பமானிகளை வைத்தார்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியது, ஒன்று கறுப்பு உருண்டைக்குள் வைத்து வெயிலில் நிறுத்தியது, ஒன்று சாதாரணமானது. பத்துப் பங்கில் ஏழு பங்கு மதிப்பு ஈரத்துணிக்கு. இரண்டு பங்கு கறுப்பு உருண்டைக்கு. மிச்சம் ஒரு பங்குதான் நாம் வழக்கமாகப் பார்க்கும் வெப்பமானிக்கு! இப்படிக் கூட்டி வரும் கணக்கு 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் பச்சைக் கொடி. 85-ல் மஞ்சள், புதியவர்களின் வேலையைக் குறைக்க வேண்டும். 88-ல் சிவப்பு, நன்றாகப் பழகினவர்கள் மட்டுமே கடின வேலை செய்யலாம். 90-ஐத் தொட்டால் கறுப்பு. அவசியம் இல்லாத கடின வேலை யாருக்கும் கிடையாது. சூரப்புலி என்று பெயர் வாங்கினவருக்கும் இதே சட்டம்தான்.

இன்று விளையாட்டுப் பந்தயங்களிலும் தொழிற்கூடங்களிலும் உலகம் முழுவதும் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். புழுக்கமான நாளில் அடுப்படியில் நிற்கும்போது, "வெயில் அவ்வளவு இல்லையே, ஏன் இப்படித் தலை சுற்றுகிறது?" என்று உங்களுக்குத் தோன்றினால் காரணம் இதுதான்.

* * *

அதே பாலைவனத்தில் பதின்மூன்று டன் வண்டியை நிறுத்தும் சக்தி படைத்த ஒரு பிராணி இருக்கிறது. ஆமை!

மொஹாவி ஆமையை 1990-ல் அமெரிக்க சர்க்கார் அழியும் அபாயம் உள்ள பிராணி என்று சட்டப்படி அறிவித்தது. வண்டி நின்றால் அந்த நிழலில் போய்ப் படுத்துக்கொள்வது ஆமையின் வழக்கம். அதனால் புறப்படுவதற்கு முன் சிப்பாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாக வேண்டும். வழியில் ஆமை குறுக்கிட்டால் வண்டி நிற்க வேண்டும். தகவல் சொல்ல வேண்டும். அதற்கென்று அனுமதி பெற்றவர்தான் அதைத் தூக்கலாம். 2017-ல் முகாமை விஸ்தரித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளைப் பத்திரமாக வேறு இடத்துக்குக் குடி மாற்றினார்கள். ஆமைக் குஞ்சுகளை வலைக்கூண்டுக்குள் வளர்த்து, ஓடு கெட்டியான பிறகு வெளியே விடும் இடமும் அந்த முகாமில் உண்டு.

* * *

இனிப் பனிக்குப் போவோம். 1950-ம் வருஷக் கடைசியில் கொரியாவில் சோசின் ஏரிப் பக்கம் மரீன்கள் சிக்கிக்கொண்டார்கள். குளிர், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. கை, கால் விரல்கள் உறைந்து ஆயிரக்கணக்கானவர்கள் செயலிழந்தார்கள். வலி தீர்க்கும் மார்பின் மருந்தும் உறைந்துவிட்டதால், மருத்துவ உதவியாளர்கள் அந்தச் சிறு குழல்களை வாயில் அடக்கிக்கொண்டு உருக்கினார்களாம். அந்தப் பாடத்தின் பலனாக மறு வருஷமே, 1951-ல், காலிபோர்னியா மலைகளில் பிரிட்ஜ்போர்ட் என்ற இடத்தில் குளிர்ப் பயிற்சி முகாம் பிறந்தது.

பாலைவனத்தில் உயிர் காக்கும் வியர்வை, பனியில் எமன். வியர்த்து நனைந்த சட்டை சிறிது நேரத்தில் உடம்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அதனால் வேலை தொடங்குமுன் ஒரு சட்டையைக் கழற்று, ஓய்ந்து நிற்கும்போது மாட்டிக்கொள் என்பது அங்கே விதி. வண்டிக்கும் ஏகப்பட்ட உபசாரம் வேண்டும். பாட்டரியின் பலம் குறையும். டீஸல் எண்ணெய், மார்கழியில் தேங்காயெண்ணெய் போல், இறுகப் பார்க்கும்.

2016-ல் நார்வேயில் நடந்த பெரிய ஒத்திகைக்கு முன்னால், அந்த நாட்டுச் சிப்பாய்கள் மரீன் ஓட்டுநர்களுக்குப் பனிக்கட்டித் தரையில் பாடம் நடத்தினார்கள். வண்டியை வேண்டுமென்றே வழுக்க விட்டு, மீட்டுக் காட்டு என்பதுதான் பரீட்சை. பனியில் திடீரென்று பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வழுக்கத் தொடங்கினால் பதறாமல், வண்டி வழுக்கும் பக்கமே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் போதாது. கைக்குத் தெரிய வேண்டும்.

* * *

இவ்வளவு சிரத்தை எதற்கு? 2019 மே மாதம் காலிபோர்னியாவில் உள்ள காம்ப் பெண்டில்டன் முகாமில் இந்த ரக வண்டி ஒன்று பயிற்சியின்போது கவிழ்ந்தது. ஓர் இளம் லெப்டினன்ட் இறந்தார்; ஆறு பேருக்குக் காயம். அங்கே எதிரி இல்லை, குண்டு இல்லை. வெறும் ஒத்திகை.

யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காவது ஒரு சமாதானம் சொல்லலாம். ஒத்திகையில் இழந்தவர்களுக்கு என்ன சொல்வது? அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் இதை ஆராய்ந்து 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010 முதல் 2019 வரையிலான நிதி ஆண்டுகளில் தரைப்படையிலும் மரீன் படையிலும் யுத்தம் அல்லாத வாகன விபத்துக்கள் 3,753. அவற்றில் மாண்ட சிப்பாய்கள் 123 பேர். விபத்துக்களில் சுமார் கால் பங்குதான் வண்டி கவிழ்ந்தவை. ஆனால் சாவுகளில் நூற்றுக்கு 63 அவற்றால் நேர்ந்தவை. காரணங்கள்? ஓட்டுபவரின் கவனக்குறைவு, மேற்பார்வையில் தளர்ச்சி, பயிற்சிக் குறைவு. இரவிலும் கரடுமுரடான தரையிலும் ஓட்டிப் பழகும் வாய்ப்பு எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்றும் அறிக்கை சொல்லிற்று.

கூண்டில் நிற்பவர் மார்புக்கு மேல் வெளியே தெரியக் கூடாது, வண்டி சாய்ந்தால் "கவிழ்கிறது! கவிழ்கிறது!" என்று கூவிச் சட்டென்று உள்ளே இறங்கிவிட வேண்டும். ஒரு நொடியில் செய்ய வேண்டிய இந்தக் காரியத்தை நூறு தடவை செய்து பழகாவிட்டால், நூற்றோராம் தடவை உடம்பு கேட்காது.

இந்த வண்டிகளில் பெண்களும் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். 2015-ல் மரீன் படை, ஆண்களும் பெண்களும் கலந்த ஒரு பரீட்சைப் படையை மொஹாவி பாலைவனத்தில் இறக்கியது. 134 வேலைகளில் 93-ல் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்கள் முந்தின என்று படை சொன்னது. பரீட்சை நடத்திய முறையே சரியில்லை என்று கடற்படை மந்திரியே மறுத்தார். அந்த வருஷ டிசம்பரில் பாதுகாப்பு மந்திரி, போர்ப் பணிகள் எல்லாம் பெண்களுக்குத் திறந்துவிடப்படும் என்று அறிவித்தார்.

ஆணோ பெண்ணோ, வெயிலும் பனியும் ஆள் பார்த்துச் சுடுவதும் இல்லை, உறைவதும் இல்லை. கறுப்புக் கொடி ஏறினால் உட்கார வேண்டும். கிளம்புமுன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். வீரத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசலாம். வீட்டுக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது என்னவோ, இந்தச் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான்.