திருப்பூரின் நஷ்டக் கணக்கு

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது கூடுதலாக 50 சதவிகிதம் சுங்கவரி விதித்தபோது, திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதிக்குப் பலத்த அடி விழுந்தது. அந்த வருஷத்து நஷ்டம் வருமானவரி அதிகாரியின் மேஜைக்கு வரும்போது, "தஸ்தாவேஜு எங்கே?" என்ற கேள்வி எழாமல் இராது.

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம். கைமாறுந்தோறும் ஒரு சீட்டு. கூட்டாளிகள் ஒற்றுமையாயிருக்கும் வரையில் சீட்டுகளும் பத்திரமாயிருக்கும். மனஸ்தாபம் நேர்ந்து ஒருவர் விலகினாலோ, பேரேடும் அவருடன் போய்விடுவதுண்டு. நஷ்டத்தில் ஒரு பகுதியும் போய்விடுகிறது என்பதைப் பலர் அறியார். 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின் 78ஆவது பிரிவின்படி, விலகியவர் பங்குக்குரிய பழைய நஷ்டத்தை எஞ்சிய கூட்டாளிகளின் ஸ்தாபனம் பின்வரும் லாபத்தில் கழித்துக்கொள்ள இயலாது. ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யாவிடில் மீதியும் போகும்.

நஷ்டத்தை ருசுப்படுத்தும் பாரம் வியாபாரியுடையதே. இதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் பேரேடு இல்லையென்றதும் நஷ்டம் முழுவதையும் தள்ளிவிடுவது எந்த நியாயம்? ஊகம் தவிர்க்க முடியாததாயினும் அது நேர்மையான ஊகமாயிருத்தல் வேண்டும் என்று 1937லேயே பிரிவி கவுன்ஸில் கூறிற்று. அந்நிய ஆட்சியில், லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே புலப்பட்ட நியாயம் இது! டாக்கேசுவரி காட்டன் மில்லின் லாபத்தை அதிகாரிகள் தாமாகவே உயர்த்திக் கணித்த வழக்கில், 1954ல் நமது சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொல்லிற்று: வரி அதிகாரி சாட்சியச் சட்டத்தின் நுட்பங்களுக்குக் கட்டுப்பட்டவரல்லர்; எனினும் வெறும் சந்தேகத்தைக் கொண்டு வரி விதித்தல் ஆகாது. வேறு மில்களின் லாப விகிதத்தை அந்த மில்லுக்குக் காட்டாமலே டிரிப்யூனல் ஆதாரமாகக் கொண்டதையும் கோர்ட் ஒப்பவில்லை. லாபத்தை உயர்த்துவதற்குப் பொருந்தும் நியாயம் நஷ்டத்தைத் தள்ளுவதற்கும் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம்.

மேலும், 2017 முதல் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் சர்க்காரிடமே இருக்கின்றன. ஷிப்பிங் பில் சுங்க இலாகாவில் இருக்கிறது. பாங்கிக் கணக்கைக் கேட்டுப் பெறும் அதிகாரமும் உண்டு. ஏற்றுமதிக்காரர் ஏட்டைத் தொலைத்ததனால் சாயக்காரர் ஏட்டிலுள்ள வரவு அழிந்துவிடாது. ரொக்கமாகக் கொடுத்த கூலிக்கு மட்டும் இப்படிப் பிரதி கிடைப்பது அரிது. அந்தச் சிக்கல் வியாபாரிகள் தாமே வரவழைத்துக்கொண்டது.

ஆகவே, பேரேட்டின் பிரதியைப் பெறாமல் விலகற் பத்திரத்தில் கையெழுத்திடும் வழக்கத்தைத் திருப்பூர்க் கூட்டாளிகள் இன்றே விடவேண்டும். அதிகாரிகளும், நஷ்டத்தைத் தள்ளி உத்தரவு எழுதுமுன், சாயப்பட்டறைக்கும் பாங்கிக்கும் ஒரு சம்மன் அனுப்பிப் பார்க்கட்டும்.