செல்போன் மேல் பழி, ஸ்பெஷல் கிளாஸுக்கு விடுதலை

போன வாரம் பெற்றோர் கூட்டம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பீரியடிலேயே தூங்கி விழுகிறார்களாம். காரணம் செல்போன், ராத்திரி அதைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் தலைமையாசிரியர். அரங்கமே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் காலை ஏழரைக்கு. வேன் 6.20-க்கே தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. என் மகள் ரிப்பனை வேனில்தான் கட்டிக்கொள்கிறாள். மடியில் வைத்த இட்லி டப்பா திறக்காமலே பள்ளி வரை போகிறது. அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை.

மார்க் குறைந்தால் செல்போன், கவனம் சிதறினால் செல்போன், எதிர்த்துப் பேசினாலும் செல்போன். பழி போட ஒரு பொருள் கிடைத்துவிட்டால் பெரியவர்கள் எல்லோரும் தப்பித்துவிடலாம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016-ல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்கள். பள்ளி நாட்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. காலையில் நேரம் கிடைத்தால் ராத்திரி இன்னும் ஒரு மணி நேரம் செல்போன் பார்ப்பார்கள் என்றுதானே இங்கே சொல்வீர்கள்? பார்க்கவில்லை. படுக்கும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எழும் நேரம்தான் தள்ளிப்போனது. யார் கையிலிருந்தும் செல்போனைப் பிடுங்கவில்லை. பள்ளி மணியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

செல்போன் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்காதா? கெடுக்கும். எவ்வளவு? ஊரெல்லாம் எடுத்துக்காட்டும் பாஸ்டன் ஆய்வு 2014 கடைசியில் வெளியானது. அதில் 12 பேர் படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் மின்னூல் கருவியில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் பிடிக்கச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. அங்கே பத்து நிமிடம், சியாட்டிலில் முப்பத்து நான்கு. எதைப் பற்றிக் கூட்டம் போட வேண்டும்?

பருவ வயதில், தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடான் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து சொல்லிவருகிறார். பதினாறு வயதுப் பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்கப் போட்டால் புரண்டுகொண்டுதான் கிடக்கும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை எப்போது தூங்குவது? எட்டரைக்கு டியூஷன் முடிகிறது. ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்து விழுகிறது. அனுப்புவது யார்? செல்போனைப் பிடுங்கச் சொன்ன அதே பள்ளி.

இதில் தாத்தாக்கள் வேறு, விடிகாலையில் படித்தால்தான் மண்டையில் நிற்கும் என்கிறார்கள். எட்டரை மணிக்கே ஊர் அடங்கிப்போன காலத்தில் படித்தவர்கள் அவர்கள். நாலரைக்கு விளக்கைப் போட்டு எழுப்பும் விடுதிகளுக்கு அந்தப் பேச்சுதான் கவசம். பகலிலாவது வெயிலைப் பார்க்க விடுகிறார்களா? காலை வெளிச்சம் பட்டால்தான் உடம்புக் கடிகாரம் ஒழுங்காக ஓடும். இங்கே பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டு, டியூப்லைட் அடியில் இன்னொரு டெஸ்ட் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீட் கோச்சிங். இத்தனைக்கும் நடுவில் பிள்ளை ரீல்ஸ் பார்க்கிற அரை மணி நேரம்தான் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

கலிஃபோர்னியாவில், கிராமப்புறப் பள்ளிகள் நீங்கலாக, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2022 ஜூலை முதல் சட்டமே நடப்பில் இருக்கிறது. இங்கே ஒன்பது மணிக்கு முன் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மறுத்தது பள்ளி அல்ல. பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன்தான், “பக்கத்து ஸ்கூல்ல ஆறரைக்கே ஆரம்பிச்சிடறாங்க சார், நாமளும் ஆரம்பிக்கலாமே” என்றார்.