குடியானவனும் ஒற்றைக்குழல் துப்பாக்கியும்

ஓமலூருக்குக் கிழக்கே சேர்வராயன் மலையடிவாரத்தில், டேனிஷ்பேட்டை முதலான கிராமங்களில் மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர்கள், காட்டுப்பன்றிக்கு அஞ்சி இரவெல்லாம் கண்விழிக்கின்றனர். பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால் ஒரு பருவத்தின் உழைப்பு ஓரிரவில் பாழாகும். இவர்கள் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்பது வேட்டை விநோதத்திற்காக அன்று, வயிற்றுப்பாட்டிற்காகவே.

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நம்மவரை நிராயுதபாணிகளாக்கிற்று. அந்த அவமானத்தைத் தேசம் பொறுத்துக்கொள்ளவில்லை. 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், ஜனங்களின் மேற்பார்வைக்குட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. 1931-இல் கராச்சி காங்கிரஸும், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜைகளின் உரிமைகளில் சேர்த்தது.

சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வுரிமையை ஒருவாறு ஒப்புக்கொண்டது. பயிரைக் காக்க மெய்யாகவே வேண்டுவோர்க்கு, மறுப்பதற்குத் தக்க காரணமில்லையாயின், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரவேண்டும் என்கிறது 13-வது பிரிவு. சொத்துப் போதாது என்பதை மட்டும் காட்டி மறுக்கலாகாது. மறுத்தால் காரணத்தை எழுதிவைக்கவேண்டும் என்கிறது 14-வது பிரிவு. குழலின் உட்புறத்தில் முறுக்கு வரைகள் கொண்டு நெடுந்தூரம் குண்டு பாய்ச்சும் ரைபிளுக்கு இச்சலுகை இல்லை. ஊர்கள் நெருங்கிய இப்பிரதேசத்தில் அது நியாயமே.

ஆயினும், லைசென்ஸ் பெற்றவனும் பன்றியைத் தன்னிச்சையாகச் சுட முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. வெடியோசையால் விரட்டுவதே அவனுக்கு மிச்சம். 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காட்டெல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. காட்டை ஒட்டி நிலமுடையவனுக்கே கஷ்டம் அதிகம். அவனுக்கே உதவி குறைவு! இது என்ன நீதி?

ஆளுக்கொரு துப்பாக்கி வேண்டும் என்று நாம் கூறவில்லை. இருளில் புதர் அசைந்தால், அங்கிருப்பது பன்றியா மனிதனா என்று குண்டு விசாரிப்பதில்லை. லைசென்ஸின்றி நாட்டுத் துப்பாக்கியை ஒளித்து வைப்போர்க்கு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் காத்திருக்கிறது. அத்தகைய ஆயுதத்தை ஒப்படைத்துவிடுவதே விவேகம்.

ஆனால், நேர்வழி அடைபட்டிருந்தால் ஏழை குறுக்குவழியை நாடுவான். ஆகவே அதிகாரிகள் விண்ணப்பங்களைத் தாமதமின்றித் தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மலையடிவார நிலங்களின் பயிர்ச்சேதத்திற்கு நஷ்டஈடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வந்து சேரவேண்டும். தேசத்தொண்டர்களுக்கும் இங்கு வேலை உண்டு. கிராமந்தோறும் சென்று இப்பிரிவுகளைப் படித்துச் சொல்லி, மனு எழுதித் தருவார்களாக. சட்டம் அளித்ததைக் கேட்டுப் பெறுவது யாசகம் அன்று.