முடிப்புப் பணமும் குடும்பப் பணமும்

திருவிழாக் காலம் செலவுக் காலமுமாகும். இறைவனுக்கு மாலையும் அபிஷேகப் பொருள்களும், பிள்ளைகளுக்குப் புத்தாடையும், வீடு தேடி வருவோர்க்கு விருந்தும் வேண்டும். முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செய்யும் இச்செலவை வீண் என்று எவரும் கூறார். கண்டதும் மனம் தாவி, கணக்குப் பாராமல் வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் பிறரிடம் கைமாற்றுக் கேட்டு நிற்கும் நிலையே நம்மைக் கவலை கொள்ளச் செய்கிறது.

சுங்கை பூலோவில் வாழும் நம்மவர் பலரின் வேர் இரப்பர்த் தோட்டங்களில் உள்ளது. அன்று சம்பள நாளையொட்டியே வியாபாரிகள் தோட்டத்திற்கு வருவர்; மற்ற நாள்களில் ஆசைப்பட்டாலும் வாங்க வழி குறைவு. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. இரயில் வந்தபின் தலைநகரப் பேரங்காடிகள் எளிதில் எட்டும் தொலைவில் உள்ளன. கைப்பேசிக் கடைக்கோ நள்ளிரவிலும் கதவடைப்பு இல்லை. பொருளை இன்றே எடுத்துக்கொண்டு தவணையில் பணம் கட்டலாம் என்ற அழைப்பு வேறு. வெளியிலிருந்த தடைகள் நீங்கிவிட்டமையால், தடையை நாமே நம் உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

கடன் அட்டையின் கணக்கைச் சற்று நோக்குவோம். அதன் வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை செல்கிறது. 2,000 வெள்ளி பாக்கி வைத்தவர், குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காடு, அதாவது 100 வெள்ளி செலுத்தினால், அதில் ஏறத்தாழ 30 வெள்ளி வட்டிக்கே போய்விடும். ஒரு நொடியில் வாங்கிய பொருளுக்காக மாதக் கணக்கில் உழைக்க நேர்கிறது. இதற்கும் வழியற்றவர் வட்டி முதலைகளின் வாயில் விழும்போது, குடும்ப நிம்மதியே பறிபோகிறது.

நம் முன்னோர் இதைவிடக் குறைந்த வருவாயில் சாதித்துக் காட்டினர். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வாழ்விழந்த வேளையில், துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கினை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தியே பாட்டாளிகள் தோட்டங்களுக்கு உரிமையாளராயினர். நம் வட்டாரத்திலேயே, இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய நிலத்தில் எழுந்துவரும் குவாசா டாமான்சாரா நகரம் ஊழியர் சேமநிதி வாரியத்தின் முதலீடாகும். மாதந்தோறும் பிடிக்கப்படும் சிறு தொகைகள் எத்துணை வலிமை பெறுகின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சேமிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. நேர்ந்துகொண்ட காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து பூஜையறையில் வைக்கிறோம். வீட்டில் எத்துணை நெருக்கடி வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. காரணம், அது தனியே வைக்கப்பட்டது. அதன் நோக்கம் இன்னதென்று வீட்டார் அனைவரும் அறிவர். சம்பளம் வந்த அன்றே வாடகை, பள்ளிச் செலவு, சேமிப்பு ஆகியவற்றையும் அவ்வாறே பிரித்து வைத்தல் வேண்டும். திட்டத்தில் இல்லாத பொருளில் மனம் சென்றால், ஒரு வாரமேனும் பொறுத்திருப்போம். காவடிக்காக நாள்கணக்கில் நாவையும் புலன்களையும் அடக்கும் பக்தருக்கு ஏழு நாள் பொறுமை அரிதன்று. அதன் பின்னும் தேவையெனத் தோன்றினால், கையிலுள்ள பணத்தில் வாங்கலாம்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் புரவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனமான ஏ.கே.பி.கே. இலவச ஆலோசனை வழங்கிவருகிறது. திருவிழா முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் அலுவலரை ஆலய மண்டபத்திற்கு அழைத்து விளக்கக் கூட்டம் நடத்தலாம். வெளியே சொல்ல நாணித் தவிக்கும் பலருக்கு அது வழிகாட்டும். அன்னதானத்திற்கு ஈடான அறமாகவும் அது அமையும்.

கடனின்றி உறங்கும் இல்லத்தில் ஏற்றப்படும் விளக்கு மேலும் ஒளி வீசும். இவ்வாண்டுத் திருவிழாவில் நாம் எடுக்கும் சங்கற்பங்களுள் இதுவும் ஒன்றாகட்டும்.