தாளைக் கொளுத்தாதீர்கள், பத்து நாள் கொடுங்கள்

டெல்டாவில் குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. இயந்திரம் வயலைவிட்டுக் கரையேறிய மறுநாளே சில இடங்களில் புகை எழுகிறது. தாளடிக்கு நாற்று தயார், மழை நெருங்குகிறது, ஆளும் கிடைப்பதில்லை. ஒரு தீக்குச்சி செலவில் வயல் சுத்தமாகிவிடும். இந்த அவசரம் நமக்குப் புரியாததல்ல. ஆனால், தீயோடு என்னென்ன போகிறது என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஏக்கருக்கு 2 டன் நெல் விளைந்தால், ஏறக்குறைய அதே எடைக்கு வைக்கோலும் தாளும் இருக்கும். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 14 முதல் 20 கிலோ பொட்டாசியமும் உண்டு. தண்டுக்கு உறுதி தரும் சிலிக்கானும் நிறைய இருக்கிறது. 2 டன்னுக்குக் கணக்கிட்டால் அரை மூட்டை யூரியா, ஒரு மூட்டைக்கும் அதிகமான பொட்டாஷ். தீ வைத்தால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் காற்றில் போய்விடும். கந்தகச்சத்திலும் ஒரு பங்கு போகும். பொட்டாஷ் சாம்பலில் தங்கும் என்பது உண்மைதான். அந்தச் சாம்பலோ காற்றிலும் முதல் மழையிலும் பெருமளவு அடித்துச் செல்லப்படுகிறது. இவை உரக்கடையில் திரும்ப வாங்கக்கூடியவை. மண்ணில் சேர வேண்டிய கரிமச்சத்தை எந்தக் கடையிலும் மூட்டையாக வாங்க முடியாது.

“மடக்கி உழுதால் நட்ட பயிர் மஞ்சளாகிறதே” என்று நீங்கள் கேட்கலாம். அது நடப்பதுதான். தாளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இளம்பயிருக்கு அந்த நேரம் பற்றாக்குறை வருகிறது. பச்சைத் தாளைத் தேங்கிய நீரில் அமுக்கி உடனே நட்டால், அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் வேரைத் தாக்கும்.

இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி எளியது. நடவுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே தாளை மடக்கி உழுதுவிட வேண்டும். அந்த முதல் சேற்றுழவின்போது ஹெக்டேருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ யூரியா கூடுதலாக இட வேண்டும். நுண்ணுயிர்களின் பங்கு அதிலேயே கிடைத்துவிடும். மட்கியபின் அது மண்ணுக்குத் திரும்பும். ஆகவே, நாற்றங்கால் விடும்போதே அறுவடை நாளை எண்ணி, இடையில் பத்து நாள் விடுங்கள். இயந்திரத்தைத் தாழ்வாக அறுக்கச் சொல்லுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும், குட்டைத் தாள் ரோட்டவேட்டரில் எளிதாக மடங்கும். இலையுறைக் கருகல், தண்டழுகல் கடுமையாக வந்த வயலின் தாளை மட்டும் மடக்காமல் வெளியேற்றிவிடுங்கள்.

‘நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு, அடி காட்டுக்கு’ என்றார்கள் நம் முன்னோர். வைக்கோலை மாட்டுக்குப் போடுகிறவர்களுக்கு அது எருவாகத் திரும்பி வந்துவிடும். கட்டு கட்டி லாரியில் ஏற்றி விற்கிறவர்கள், நெற்பயிர் எடுத்த பொட்டாஷில் பெரும்பகுதி அதோடு போகிறது என்பதை நினைவில் வைத்து அடுத்த பயிருக்கு ஈடு செய்ய வேண்டும். மழையில் நனைந்து விலைபோகாத வைக்கோலைக் கரையோரம் குவித்து, டன்னுக்கு 2 கிலோ பல்கலைக்கழக பயோமினரலைசரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமல் வைத்தால் நல்ல மட்கு உரமாகும்.

சம்பா அறுவடைக்குப் பின் உழவேகூட வேண்டாம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, மெழுகுப் பதத்தில் உளுந்தோ பயறோ தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். நிற்கும் தாள் மண்ணின் ஈரத்தைக் காத்து, முளைக்குக் குடையாக இருக்கும்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு சொல். ‘கொளுத்தாதீர்கள்’ என்று அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது. விவசாயிக்கு இல்லாதது அறிவுரையல்ல; அறுவடை முடிந்த வாரத்தில் கைக்கெட்டும் ரோட்டவேட்டரும் வைக்கோல் கட்டும் இயந்திரமும்தான். வாடகை மையங்களில் அவை அந்த வாரத்தில் சிறு விவசாயிக்கும் கிடைக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளும் முன்கூட்டியே தெரிய வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் அந்தப் பத்து நாள் காகிதத்தில்தான் இருக்கும்.

முதல் பயிரின் தாள் நின்ற வயலில் நடுவதால்தான் அதற்குத் தாளடி என்றே பெயர். அந்தத் தாள் மண்ணுக்கே போகட்டும். இந்த ஆண்டு முழு நிலத்திலும் முடியாவிட்டால், ஒரு ஏக்கரிலாவது மடக்கி உழுது பாருங்கள். பக்கத்து வயலோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.