காலில் உறையும் அறிவு

‘ரெவ் மேட்சிங்’, ‘ஹீல் அண்ட் டோ’ ஆகிய சொற்கள் நம் பல்கலைக்கழக வட்டாரங்களில் பெரும்பாலும் ஏளனத்தோடுதான் உச்சரிக்கப்படுகின்றன. வசதி படைத்த வீட்டு இளைஞர்களின் பந்தய மோகம், காணொளி பார்த்துக் கற்ற வீண் சாகசம் என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். இந்த ஏளனத்தைக் கார் ஆர்வலர்கள் தாங்களே வலிந்து தேடிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. சைலன்சரின் உறுமலை வீரத்தின் அடையாளமாக விற்கும் கூட்டத்திடமிருந்து ஒரு நுட்பத்தை மீட்பது எளிதன்று. ஆயினும் மீட்டாக வேண்டும். அது அவர்களுக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

நுட்பம் என்னவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நான்காம் கியரில் செல்லும் ஒரு காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். மூன்றாம் கியரின் விகிதம் நான்காவதைப்போல் 1.4 மடங்கு எனில், அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கும்போது எஞ்சின் 2,800 சுற்றுகளில் இருந்தாக வேண்டும். இடையிலுள்ள 800 சுற்றுகளை யார் ஈடுசெய்வது? கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் சக்கரங்களே எஞ்சினை இழுத்து முடுக்கும். வண்டி குலுங்கும், கிளட்ச் தட்டு தேயும், ஈரச் சாலையில் சக்கரம் பிடிப்பை இழக்கவும் கூடும். கிளட்ச் மிதிபட்டிருக்கும் அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரை மெல்லத் தட்டி, எஞ்சினை 2,800-க்கு உயர்த்திவிட்டுக் கிளட்ச்சை விடுவதே ரெவ் மேட்சிங். அதே கணத்தில் பிரேக்கும் அழுத்தப்பட வேண்டியிருந்தால், வலக்காலின் முன்பாதம் பிரேக்கில் நிலைத்திருக்க, பாதத்தின் வலது விளிம்போ குதிகாலோ ஆக்சிலரேட்டரைத் தட்டும். இதுவே ஹீல் அண்ட் டோ.

“இதையெல்லாம் சிங்க்ரோமெஷ் பார்த்துக்கொள்ளாதா?” என்பது படித்தவர்களின் வழக்கமான மறுப்பு. பார்த்துக்கொள்ளாது. 1928-இல் கேடிலாக் கார்களில் அறிமுகமான அந்த அமைப்பு, கியர்ப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று இணைய வேண்டிய பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால் கியர் உரசலின்றி விழுகிறது. கிளட்ச்சுக்கு மறுபுறம் இருக்கும் எஞ்சினின் வேகத்தை அது தொடுவதே இல்லை. அந்தப் பொறுப்பு ஓட்டுநரின் காலிடமே எஞ்சியிருக்கிறது.

சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டிய தலைமுறைக்கு இது அன்றாடப் பிழைப்பின் பகுதி. அவர்கள் அதை ‘டபுள் கிளட்ச்’ என்றார்கள். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மீண்டும் கிளட்ச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவார்கள். எஞ்சினின் ஒலியே அளவுகோல். கிளீனராக ஏறிய சிறுவன் மூத்த ஓட்டுநரின் காலைப் பார்த்தும் எஞ்சினைக் கேட்டும் கற்றான். அதற்கு எவரும் சான்றிதழ் தரவில்லை. இதே வேலையைக் கணினி நிரலே செய்யும் காராக 2009-இல் நிசான் 370இசட் வந்தபோது, அது பொறியியல் முன்னேற்றம் என்று கொண்டாடப்பட்டது. நிரல் செய்தால் தொழில்நுட்பம். கிளீனராக வளர்ந்தவர் செய்தால் வெறும் பழக்கம். இந்தத் தரவரிசையை வகுத்தவர்கள் யார்?

நாம்தாம். ‘இன்னதென்று அறிதல்’, ‘இப்படிச் செய்வதென்று அறிதல்’ என்று கில்பர்ட் ரைல் 1949-இல் பிரித்துக் காட்டியதை வகுப்பில் நடத்துகிறோம். சொல்ல முடிவதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம் என்ற மைக்கேல் பொலானியின் கருத்தை ஆய்வேடுகளில் சேர்க்கிறோம். ஆனால் துறை வாகனத்தை முப்பது ஆண்டுகளாக ஓட்டுபவரிடம் அவருடைய அறிவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கையாலும் காலாலும் செய்யப்படும் வேலையைத் தாழ்த்தி வைத்த நெடிய சமூக வழக்கம் நம் ஆய்வுமுறைக்குள்ளும் பத்திரமாக அமர்ந்திருக்கிறது.

இந்த அலட்சியத்துக்குச் சாலையில் உயிர்கள் விலையாகின்றன. மும்பை–புணே விரைவுச் சாலையின் போர் காட், புணேயின் நவலே பாலச் சரிவு, தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் ஆகிய இடங்களில் கட்டுப்பாட்டை இழந்த கனரக வாகனங்கள் மீண்டும் மீண்டும் முன்செல்லும் வண்டிகளை மோதி நசுக்குகின்றன. காரணம் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. 16 டன் எடையுள்ள ஒரு லாரி 300 மீட்டர் உயரத்தைச் சீரான வேகத்தில் இறங்கினால், ஏறத்தாழ 47 மெகாஜூல் ஆற்றல் வெளியேறியாக வேண்டும். 140 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சின் தன் பங்கை ஏற்காவிட்டால், எஞ்சியது முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் காய்ந்து பிடிப்பை இழக்கும்.

டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சரிவில் நியூட்ரலில் இறங்குவோர் உண்டு. மின்னணு எரிபொருள் செலுத்தமைப்பு கொண்ட எஞ்சின்களில் இந்தக் கணக்கே தவறு. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட வைக்க டீசல் செலவாகிறது. அதைவிடக் கொடியது வேறொன்று. நியூட்ரலில் வேகம் பிடித்துவிட்ட கனரக வண்டியை மீண்டும் கீழ்க் கியருக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். அந்த வேகத்துக்கு ஈடாக எஞ்சினைச் சுழற்ற இயலாமலே போகலாம். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இதுதான்.

சட்டத்துக்கு இது தெரியும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, ஓட்டுநர் தேர்வில் சரிவில் இறங்கும்போது விரைந்து கீழ்க் கியருக்கு மாறும் திறனைச் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் சமதளத் திடலில் ‘எச்’ வடிவத்தில் பின்னோக்கி ஓட்டிக் காட்டினாலே உரிமம் கிடைத்துவிடும் ஊர்கள் எத்தனை! ஏட்டில் இருக்கும் திறன் சாலையில் இல்லை.

ஹீல் அண்ட் டோவை எல்லோரும் கற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சாதாரணக் கார்களில் பிரேக் மிதி ஆக்சிலரேட்டரைவிட உயர்ந்து நிற்பதால், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது மட்டுமே இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வருகின்றன. பழகாத கால் பிரேக்கிலிருந்து வழுக்கினால் விபத்து நிச்சயம். அது மூடிய தடத்தில் பயிற்றுநரோடு பழக வேண்டிய கலை. ரெவ் மேட்சிங்கும் முன்கூட்டியே கியர் குறைத்தலும் அப்படியல்ல. கியர் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அவை அடிப்படைக் கல்வி.

“மின்வாகனக் காலத்தில் இது எதற்கு?” என்போருக்கு ஒரு சொல்: இன்றிரவு போர் காட்டில் இறங்கப்போகும் லாரிகளில் கிளட்ச் மிதிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் கால் வைத்திருப்போருக்கு எதிர்காலவியல் உதவாது.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. உரிமத் தேர்வில் 15-ஆம் விதி சொல்லும் சரிவுச் சோதனையை உண்மையாகவே நடத்துங்கள். மலைப்பாதைகளில் ஓட்டிப் பழுத்த ஓட்டுநர்களை, பொறியியல் துறைகளும் பயிற்சிப் பள்ளிகளும் உரிய ஊதியத்தோடு ஆசிரியர்களாக அழைக்கட்டும். உள்ளுறை அறிவைப் பற்றி அடுத்த கருத்தரங்கு நடத்துவோர், முதல் அமர்வை அவர்களுக்குக் கொடுங்கள். நாம் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்போம்.